கொம்புள்ள மாட்டுக்கு எந்தக் கூண்டு?

தாராபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி விரிவாகக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் தவிர்க்கச் சொன்னதால் தவிர்த்திருக்கிறேன். கட்டுத்தரையில் 11 ஜெர்சி கலப்பின மாடுகள், கொறங்காட்டில் மேயும் 4 காங்கேயம் பசுக்கள், ஒரு மயிலைக் காளை என்பது அவருடைய பண்ணை. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே தோட்டத்தில் இருப்பார். மற்ற ஆறு நாளும் இவரும் நெடுநாளாக வேலை பார்க்கும் ஒரு பெரியவரும்தான் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். போன மாதம் கோமாரித் தடுப்பூசி போட்ட அன்று, வேப்ப மரத்தில் கட்டிப் பிடித்திருந்த காங்கேயம் பசு ஒன்று திமிறிப் பெரியவரைச் சுவரோடு சேர்த்து அழுத்திவிட்டது. அவருக்கு விலா எலும்பில் விரிசல். அதைப் பார்த்த சினை ஊசி போடுபவர், மாட்டை நிறுத்த ஒழுங்கான ஏற்பாடு இல்லாமல் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

கல்லூரியில் படிக்கும் மகன் வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து, இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் ஹைட்ராலிக் ‘ஸ்குவீஸ் ஷூட்’ வாங்கலாம் என்கிறார். ஒரு விற்பனையாளர் சொன்ன விலை ஐந்து லட்சத்தை நெருங்குகிறது. உள்ளூர் வெல்டர் 38,000 ரூபாய்க்கு டிராவிஸ், அதாவது மாட்டை உள்ளே நிறுத்தும் இரும்புக் குழாய்ச் சட்டம், அடித்துத் தருவதாகச் சொல்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரரோ, காலங்காலமாக மரத்தில் கட்டித்தானே ஊசி போட்டோம் என்று சிரிக்கிறார். கடன் வாங்கியாவது பெரிய கூண்டை வாங்கலாமா, அதற்குத் தோதாகக் காங்கேயம் மாடுகளின் கொம்பை எடுத்துவிடலாமா, அல்லது தேவைப்படும்போதெல்லாம் மயக்க ஊசி போட்டுச் சமாளிக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

சகோதரிக்கு வணக்கம்.

முதலில் அந்தப் பெரியவரைப் பற்றி. விலா எலும்பு விரிசலுக்குக் கட்டு எதுவும் போடுவதில்லை என்பதால், வீட்டில் இருப்பவர்கள் அதைச் சின்ன அடி என்று நினைத்துவிடுகிறார்கள். மூச்சு விடும்போதெல்லாம் வலிப்பதால் ஆழமாக மூச்சிழுக்காமல் இருப்பார். அதனால் நெஞ்சில் சளி கட்டும் ஆபத்து வயதானவர்களுக்கு அதிகம். மருத்துவர் சொல்லும்வரை அவரை மாட்டின் கயிற்றைத் தொட விடாதீர்கள். மருத்துவச் செலவையும் வேலை இழந்த நாட்களின் கூலியையும் பண்ணைச் செலவாக எழுதிக்கொள்ளுங்கள். கடிதத்தில் “அவர் கவனமாக இருந்திருக்கலாம்” என்று ஒரு வரி வருகிறது. அந்த வரியோடு எனக்கு உடன்பாடில்லை. முந்நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள, மனிதக் கைக்கு அதிகம் பழகாத ஒரு மாட்டை ஒற்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு சுவருக்கும் மாட்டுக்கும் நடுவில் நிற்க நேர்ந்ததே அந்த ஏற்பாட்டின் குறை. அவ்விடத்தில் யார் நின்றிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். சினை ஊசி போடுபவர் மறுத்ததிலும் தவறு காண முடியாது. மாட்டை அசையாமல் நிறுத்தித் தரும் பொறுப்பு வளர்ப்பவருடையது.

உங்கள் முதன்மைக் கேள்விக்கான பதிலைத் தள்ளிப்போடாமல் சொல்லிவிடுகிறேன். ஹைட்ராலிக் கூண்டு உங்களுக்கு வேண்டாம். வெல்டர் சொல்லும் டிராவிஸ் போதும். ஆனால் அவர் வழக்கமாக அடித்துத் தரும் வடிவத்தில் அல்ல. மிச்சமாகும் பணத்தில் ஒரு சிறு பங்கைத் தரைக்கும், கூண்டுக்கு மாட்டைக் கொண்டுவரும் வழிக்கும் செலவிடுங்கள். ஏன் என்பதைத்தான் இனி எழுதப்போகிறேன்.

அழுத்தும் கூண்டு யாருக்காகப் பிறந்தது

அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் கனடாவிலும் இறைச்சிக்காக வளர்க்கப்படும் மாடுகள் பரந்த புல்வெளியில் ஆண்டின் பெரும்பகுதியைக் கழிக்கின்றன. மனிதர் பக்கத்தில் வருவது ஆண்டுக்குச் சில முறைதான். தடுப்பூசி, குடற்புழு மருந்து, காது வில்லை, சினைப் பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மாடுகளுக்கு முடித்தாக வேண்டும். அதற்காக உருவானதுதான் இந்த நெருக்குக் கூண்டு. மாடு நடந்து உள்ளே வரும்போது முன்கதவு கழுத்தைப் பிடித்துக்கொள்ளும், இரண்டு பக்கச் சுவர்களும் உள்நோக்கி வந்து உடலை அணைக்கும். நாள் முழுவதும் நெம்புகோலை இழுத்துக் கை ஓயாமல் இருக்க ஹைட்ராலிக் சேர்க்கப்பட்டது. உங்களிடம் மொத்தம் 16 உருப்படிகள்; அவற்றில் 11 தினமும் இரு வேளை உங்கள் கையால் கறக்கப்படுபவை. அவர்களுடைய சிக்கலும் உங்களுடையதும் வேறு வேறு.

இருந்தாலும் அந்தக் கூண்டின் அடிப்படையில் ஓர் உண்மை இருக்கிறது, அதை நாம் எடுத்துக்கொள்ளலாம். உடலின் இரு பக்கமும் மெதுவாக, சீராக விழும் அழுத்தம் மாட்டை அமைதிப்படுத்தும். கால்நடைகளின் நடத்தையை ஆராய்ந்த டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்க அறிவியலாளர், இளம் வயதில் அரிசோனாவில் இருந்த தன் அத்தையின் பண்ணையில் இதைக் கவனித்தார். ஆட்டிசம் உடைய அவர், தன் மனப்பதற்றத்தைத் தணித்துக்கொள்ள அதே போன்ற ஓர் அணைக்கும் கருவியைத் தனக்கே செய்துகொண்டார் என்பது இத்துறையில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அவரே திரும்பத் திரும்ப எச்சரிப்பது அளவுக்கு மீறிய அழுத்தத்தைப் பற்றித்தான். “எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு பாதுகாப்பு” என்று நீங்கள் எழுதியிருப்பது இந்த இடத்தில்தான் பிழையாகிறது. வலிக்கும் அளவுக்கு நெருக்கினால் மாடு முன்னைவிட அதிகமாகத் திமிறும். ஒரு பக்கம் மட்டும் நெருக்கினால் நிலை தடுமாறிச் சாயப் பார்க்கும். நிறைசினை மாட்டின் வயிற்றின் மேல் அழுத்தம் விழவே கூடாது.

கழுத்தைப் பிடிக்கும் முன்கதவில் இன்னொரு ஆபத்து உண்டு. மாடு கால் மடங்கி விழுந்தால், அதன் முழு எடையும் கழுத்தில் தொங்கி, மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் நசுங்கும். சில நொடிகளில் மயங்கிவிடும். உடனே விடுவிக்காவிட்டால் செத்துப்போகும். நேரான கம்பிகள் கொண்ட கதவில் இந்த ஆபத்து குறைவு, வளைந்த கம்பிகள் கொண்டதில் தலை நன்றாக நிற்கும், ஆனால் ஆபத்து கூடுதல். காணொளிகளில் இது தெரியாது; அங்கே கூண்டை இயக்குபவர் அதே வேலையில் பழகியவர், கை எப்போதும் பிடியில் இருக்கும். உங்கள் வீட்டில் ஆண்டுக்குச் சில நாட்கள் மட்டும் அதை இயக்கப் போகிறவர் நீங்கள், அதுவும் பெரும்பாலும் தனியாக. மின்சாரம் போய்விட்டால் என்ன செய்வது என்ற கேள்வியை அந்த விற்பனையாளரிடம் கேட்டீர்களா என்பது கடிதத்தில் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கொம்பு. அந்த முன்கதவுகள் பெரும்பாலும் கொம்பில்லாத அல்லது கொம்பு நீக்கப்பட்ட இனங்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. காங்கேயம் மாட்டின் கொம்போ வெளிப்பக்கமும் பின்பக்கமும் வளைந்து மேலே வட்டம் போடப் பார்க்கும். தலையை உள்ளே விடும்போதே கொம்பு கம்பியில் இடிக்கும், பின்வாங்கும்போது மாட்டிக்கொள்ளும். கொம்பின் அடி முறிந்து இரத்தம் வழிய நிற்கும் மாட்டை அந்தக் கூண்டிலிருந்து வெளியே எடுப்பதைவிட, மரத்தில் கட்டிய மாட்டைப் பிடிப்பது எளிது.

கொம்பை எடுப்பதும் மயக்க ஊசியும்

கூண்டுக்காகக் கொம்பை எடுக்கலாமா என்பதற்கு, வேண்டாம் என்பதே என் பதில். வளர்ந்த மாட்டின் கொம்புக்குள் இருக்கும் குழி, நெற்றி எலும்புக்குள் உள்ள காற்றறையோடு தொடர்புடையது. அறுத்தால் அந்த அறை திறந்துகொள்ளும். இரத்தப்போக்கு, சீழ், ஈ மொய்த்துப் புழு வைப்பது என்று வாரக்கணக்கில் புண்ணோடு போராட வேண்டியிருக்கும். கலப்பினக் கன்றுகளுக்குப் பிறந்த சில வாரங்களுக்குள், மரத்துப்போகும் ஊசி போட்டு, கொம்பின் முளையைச் சுட்டு அகற்றுவது வேறு விஷயம். அதை உங்கள் கால்நடை மருத்துவரிடம் தாராளமாகச் செய்துகொள்ளுங்கள். காங்கேயத்துக்குக் கொம்பு அடையாளமும்கூட. கண்ணபுரம் சந்தையிலோ அந்தியூர் ஆடித் திருவிழாவிலோ மாடு பார்க்க வருபவரின் கண் முதலில் போகும் இடம் எது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மயக்க ஊசி பற்றி இன்னும் கண்டிப்பாக எழுத வேண்டியிருக்கிறது. மாட்டுக்கு வழக்கமாகப் போடப்படும் சைலசின் என்ற மருந்துக்கு மாடுகள் மிக எளிதில் வசப்படும். குதிரைக்குத் தேவைப்படும் அளவில் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். அளவு சற்றுக் கூடினால் படுத்துவிடும், வயிறு ஊதும், அசைபோட வேண்டிய தீனி மேலெழுந்து மூச்சுக்குழலுக்குள் போய் நுரையீரலைக் கெடுக்கும். கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மையும் அதற்கு இருப்பதால் நிறைசினையில் கன்று வீச்சுக்கே வழி வைக்கும். பாலை எத்தனை நாள் ஊற்றக் கூடாது என்ற கணக்கும் உண்டு. அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவர் எடை பார்த்துப் போட வேண்டியதை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும் கோமாரி ஊசிக்காகப் போடுவது பொருந்தாது. மருந்துக் கடையில் வாங்கி நீங்களே போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

வெல்டரிடம் சொல்ல வேண்டியவை

வழக்கமான டிராவிஸ் என்பது நான்கு தூண், பக்கத்துக்கு இரண்டு மூன்று குறுக்குக் குழாய், முன்னும் பின்னும் செருகுக் கம்பு. அதில் நான் கேட்கும் முதல் மாற்றம் அகலம். கலப்பின ஜெர்சிக்கு உள்அகலம் இரண்டேகால் அடி பொருத்தமாக இருக்கும். மயிலைக் காளைக்கு அது போதாது, கிடேரிக்கு அதுவே அதிகமாகி உள்ளே திரும்பப் பார்க்கும். ஆகவே இரண்டு பக்கத் தடுப்புகளையும் துளையும் ஊசியும் வைத்து, இரண்டு அடியிலிருந்து இரண்டரை அடிக்கு மேல் வரை நகர்த்தும்படி செய்யச் சொல்லுங்கள். நெருக்குக் கூண்டின் நல்ல குணத்தில் நமக்கு வேண்டிய பங்கு இதிலேயே கிடைத்துவிடும். மாடு நிற்கும்போது தடுப்பு அதன் உடலை ஒட்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான். நீளத்துக்கும் அதே முறை: பின் கம்பைச் செருக இரண்டு மூன்று இடத்தில் வளையம் வையுங்கள். அளவைப் புத்தகத்தில் தேடாமல், உங்கள் மாடுகளில் பெரியதையும் சிறியதையும் நிறுத்தி, நெஞ்சிலிருந்து பின்தொடை வரையிலும் இடுப்பின் குறுக்கிலும் கயிறு பிடித்து அளந்து வெல்டரிடம் கொடுங்கள்.

குழாய் இரண்டு அங்குல விட்டத்தில், கனமான ‘சி’ வகை ஜி.ஐ. குழாயாக இருக்கட்டும். தூண்கள் இரண்டடிக்குக் குறையாமல் கான்கிரீட்டில் புதைய வேண்டும். குறுக்குக் குழாய்களுக்கு இடையே குளம்பு நுழைந்து மாட்டிக்கொள்ளும் இடைவெளி இருந்தால் உதைக்கும்போது கால் முறியும். கீழ்ப்பகுதியைத் தகடு வைத்து மூடிவிடுவது நல்லது. முன்பக்கத்தில் மேலே எதையும் குறுக்கே வைக்க வேண்டாம். கொம்பு தடையில்லாமல் வெளியே போய்வர வேண்டும். வெல்டு வைத்த இடத்தில் கூரான முனை இல்லாமல் தேய்த்துத் தருவதற்குக் கூலி கொஞ்சம் கூடினாலும் கொடுத்துவிடுங்கள்.

பின் கம்பின் உயரத்தில் பலர் தவறுகிறார்கள். அது பின்னங்கால் முட்டிக்கு மேலே, தொடையின் கீழ்ப்பகுதியில் இருக்க வேண்டும். அதற்கு மேலே வைத்தால், சினை பார்க்க ஆசனவாய்க்குள் கை விட்டிருப்பவரின் முழங்கை கம்பின் மேல் இருக்க, மாடு திடீரென்று உட்காரும்போது கை முறியும். உங்கள் சினை ஊசிக்காரர் மனத்தில் இருக்கும் பயங்களில் இதுவும் ஒன்றாகவே இருக்கும். கம்பை வைக்கும் முன் அவரையே அழைத்து உயரத்தைக் கேளுங்கள். கூண்டு ஏற்பாட்டில் அவருக்கும் ஒரு சொல் இருந்தால் அவர் திரும்ப வருவது எளிதாகும்.

தலையை நிறுத்தக் கதவு வேண்டாம், கயிறே போதும். ஆனால் மூக்கணாங்கயிற்றை இழுத்துத் தூணில் கட்டாதீர்கள். மாடு பின்னால் சாயும்போது மூக்கு கிழிந்துவிடும். காங்கேயத்துக்குக் கொம்படியில் எட்டுப் போட்டும், கலப்பினத்துக்குத் தலைக்கயிறு போட்டும், முன் தூணில் உள்ள வளையத்தில் ஒரே இழுப்பில் அவிழும் சுருக்கு முடிச்சாகக் கட்டுங்கள். நான் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு கால்நடை மருந்தகத்து டிராவிஸில் வண்டி மாடு ஒன்று கால் வழுக்கி விழுந்தது. மழையில் நனைந்த கயிறு. யாரோ அக்கறையோடு இரட்டை முடிச்சுப் போட்டிருந்தார்கள். நான்கு பேர் நகத்தால் பிய்த்தும் அவிழவில்லை. மாட்டின் நாக்கு நீலமாகிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி ஓடிவந்து கருக்கரிவாளால் கயிற்றை அறுத்தார். அன்றிலிருந்து நான் போகும் இடமெல்லாம் சட்டைப்பையில் ஒரு மடக்குக் கத்தி இருக்கிறது. உங்கள் டிராவிஸ் தூணிலும் ஒன்று தொங்கட்டும். பக்கத் தடுப்புகளில் ஒன்று, மாட்டின் எடை சாய்ந்திருக்கும்போதும் வெளிப்பக்கமாகத் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று வெல்டரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

கூண்டுக்கு முன்னால் உள்ள இடம்

மாடுகள் கூண்டில் திமிறுவதைவிடக் கூண்டுக்குள் நுழையும் முன் திமிறுவதே அதிகம். உங்கள் பெரியவருக்கு அடிபட்டதும் கயிற்றைப் பிடித்து நடந்த இழுபறியில்தான். கொறங்காட்டில் கிளுவை வேலிக்குள் தன்போக்கில் மேயும் மாட்டுக்கும், கட்டுத்தரையில் தினமும் உங்கள் கை படும் மாட்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. முன்னது உங்களைப் பத்தடி தள்ளியே வைக்கப் பார்க்கும். “காங்கேயம் முரட்டு மாடு” என்று எழுதியிருக்கிறீர்கள். ஏர் பூட்டியும் வண்டி பூட்டியும் தலைமுறைகளாக மனிதனோடு உழைத்த இனம் அது. உங்கள் மாடுகள் பழக்கப்படாதவை என்று வைத்துக்கொள்வோம்.

எனவே டிராவிஸுக்கு முன்னால் ஒரு மாடு மட்டும் நடக்கும் அகலத்தில் பன்னிரண்டு, பதினைந்து அடிக்கு ஒரு சந்து வையுங்கள். அதன் பக்கங்கள் வெளியே தெரியாதபடி மூடியிருக்கட்டும். தென்னங்கீற்றுத் தட்டி கட்டினாலும் போதும், ஆனால் உள்ளே வலுவான மரச் சட்டம் வேண்டும். மாடு தன்னைச் சுற்றி 300 பாகைக்கும் மேல் பார்க்கக்கூடியது. நேர் பின்னால் மட்டும் தெரியாது. வழியில் தொங்கும் சங்கிலி, காற்றில் ஆடும் சாக்கு, தரையில் விழும் கோடு கோடான நிழல், தேங்கிய தண்ணீரில் பளபளக்கும் வெயில், இவற்றில் ஏதாவது ஒன்றைக் கண்டாலே நின்றுவிடும். நாம் அதைப் பிடிவாதம் என்று நினைத்து வாலை முறுக்குகிறோம். முறுக்காதீர்கள், அடிக்கவும் வேண்டாம். தேவையில்லாத வலி கொடுப்பது 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, அது வேலைக்கும் ஆகாது. மாட்டின் தோளை ஒட்டி அதன் தலைப்பக்கமிருந்து வால்பக்கமாக நீங்கள் நடந்து போனால், அது முன்னால் நகரும். தோளுக்கு முன்னால் போய் நின்றால் பின்வாங்கும். சந்துக்கு வெளியே நின்றபடியே இதைச் செய்யலாம் என்பதால், தனியாக இருக்கும் நாளிலும் உங்கள் உடலுக்கு ஆபத்து இல்லை.

தரைதான் பணம் போட வேண்டிய இடம். வழுக்கும் என்று உணர்ந்த கணமே மாட்டுக்குப் பீதி பிடிக்கும். பிறகு எந்தக் கூண்டும் அதை அமைதிப்படுத்தாது. சந்திலும் டிராவிஸுக்குள்ளும் சிமெண்டுத் தளத்தை மட்டம் தேய்த்து வழவழப்பாக்காமல், ஈரமாக இருக்கும்போதே குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு விடச் சொல்லுங்கள், அல்லது ரப்பர் விரிப்பு போடுங்கள். மேலே நிழல் அவசியம். உங்கள் பக்கத்து வெயிலில் மாட்டைக் காலைப் பொழுதில் மட்டும் ஏற்றுங்கள். ஏற்றிவிட்டுப் போன் பேசப் போகாதீர்கள்.

கட்டி முடித்ததும் உடனே ஊசி போட ஏற்ற வேண்டாம். இரண்டு மூன்று வாரம், ஒவ்வொரு மாட்டையும் சந்து வழியே நடத்தி, டிராவிஸில் கொஞ்சம் புண்ணாக்கோ தவிடோ வைத்துத் தின்னவிட்டு, எதுவும் செய்யாமல் வெளியே அனுப்புங்கள். முதல் முறையே வலித்தால் அந்த இடத்தை மாடு மறக்காது. பயந்த மாட்டின் உடலில் சுரக்கும் அட்ரினலின் பால் இறங்குவதைத் தடுக்கும். பதற்றத்தோடு போடப்படும் சினை ஊசி நிற்பதும் கடினம். அதனால் இந்த மூன்று வாரத்தை வீண் என்று கருதாதீர்கள். 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்குப் போடும் கன்று வீச்சு நோய்த் தடுப்பூசிக்கு இந்த டிராவிஸ் உதவாது. கன்று உள்ளே திரும்பிக்கொள்ளும். அவற்றை ஒரு மூலையில் ஒதுக்கிக் கையால் பிடிப்பதே சரி.

வாங்கும் முன் ஒரு நாள் உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ உங்கள் ஊர் மருந்தகத்துக்கோ வெல்டரையும் அழைத்துப் போய், மாடு நிற்கும்போது டிராவிஸைப் பாருங்கள். வெறும் கூண்டைப் பார்த்தால் குறை தெரியாது. மகனையும் அழைத்துப் போங்கள். அவர் பார்த்த காணொளிகளில் உள்ள மூடிய சந்து, நகரும் பக்கச் சுவர் ஆகியவை நமக்கும் பயன்படுகின்றன என்பதால் அவர் யோசனை முழுவதும் வீணாகவில்லை.

காளையைக் கடைசியில் பழக்குங்கள், அதுவும் கணவர் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில். நிறைசினையாக ஒரு காங்கேயம் பசு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது கன்று போட்டு ஒரு மாதம் ஆகும்வரை அதை இந்தப் பழக்கத்தில் சேர்க்க வேண்டாம். இடையில் தடுப்பூசி நாள் வந்தால் மருத்துவரிடம் சொல்லி அதற்கு மட்டும் நாளைத் தள்ளிப்போடக் கேளுங்கள்.